ஊசியம்மா ‘லுக்’ குலத்தை வென்ற படலம்

வாழ்க! பன்னிரு கட்டிலுக்கும் காவல் பூண்டவளே, குத்தியது தெரியாமல் குத்தியெடுக்கும் மென்கரத்தாளே, வெண்காலணி தேயத் தேய வராந்தாவை நித்தம் நூறுமுறை அளந்தவளே, வாழ்க! பெற்றோர் இட்ட பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வாழ, முதியோர் வார்டு முழுதும் ‘ஊசியம்மா’ என்றே விளிக்கப்பட்ட அச்செவிலி, இரண்டே இரண்டு ஆங்கிலச் சொற்களோடு இருபத்தொரு நாள் பொருத வரலாற்றைப் பாடப் புகுந்தேன். நாவே, வழுக்காதே! இலக்கணமே, சற்று ஒதுங்கி நில்!

போர் மூண்ட காரணம் கேளீர். ஊரின் மறுகோடியில், மரங்கள் சூழ எழும்பியதொரு புதிய முதியோர் இல்லத்தில் தலைமைச் செவிலி வேலை காலியென்றும், அவ்வேலைக்கு ஞாயிறுதோறும் விடுமுறை உண்டென்றும், அனைத்திற்கும் மேலாக உட்கார ஒரு நாற்காலி உண்டென்றும் செய்தி வந்தது. பதினோராண்டு பணிநேரத்தில் நாற்காலியின் சுகமறியாத அவள் முழங்கால்கள் இரண்டும் ஒருசேர விம்மின.

நேர்காணலோ கைப்பேசித் திரைவழி. அயல்நாட்டு மருத்துவர் மூவர் அதில் தோன்றி, “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் வினவ, முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல எண்ணிய நம் தலைவி, “ஐ லுக் ஃபார் ஓல்ட் பீப்பிள், சார்! லெவன் இயர்ஸ்!” என்று முழங்கினாள். அந்தோ! பதினோராண்டாய் முதியவர்களைத் தேடி அலைகிறேன் என்றன்றோ அது அவர்கள் செவியில் விழுந்தது! அவருள் நரைத்தாடி வேந்தர், “டூ யூ ஃபைண்ட் தெம்?” கிடைக்கிறார்களா என்று பரிவோடு கேட்டார். அவளுக்கோ ‘ஃபைன்’ மட்டும் காதில் ஏறியது. நலமாகிறார்களா என்கிறார் போலும் என்றெண்ணிய அப்பொய்யறியா நெஞ்சத்தாள் பகர்ந்தாள்: “சம்டைம்ஸ், சார்.”

மூவரும் மேசையில் கவிழ்ந்து சிரித்தனர். எனினும் அவள் சான்றிதழ்களின் ஒளி கண்டு, மூன்று வாரம் கழித்து மீண்டும் வருக என்றருளினர்.

அன்றே அவள் பகைவர் குலத்தை அறிந்தாள். ‘லுக்’ என்பான் தனியே வந்தால் சாது. பார் என்பதற்குமேல் ஒரு வம்புமில்லை. வாலொன்று முளைத்தாலோ வேறு பிறவி எடுப்பான். ‘ஃபார்’ என்னும் வால் முளைத்தால் தேடு என்பான். ‘ஆஃப்டர்’ முளைத்தால் பார்த்துக்கொள் என்பான். இக்கொடுமையை அவள், மின்தூக்கிகளின் வயிற்றுக்குள் புகுந்து பழுது களையும் மெக்கானிக்காகிய தன் கணவனிடம் முறையிட்டாள்.

“ஆஃப்டர்னா ‘அப்புறம்’தானேங்க? அப்ப லுக் ஆஃப்டர்னா ‘அப்புறம் பாக்கறேன்’னுதானே வரணும்? அப்புறம் பாக்கறேன்னு சொல்ற நர்ஸுக்கு எவன் வேலை குடுப்பான்?”

“நம்ம பேச்சு மட்டும் ஒழுங்கா?” என்றான் ஸ்பேனர் துடைத்த கொழுநன். “‘நான் பாத்துக்கறேன்’னு நீ சொன்னா அது அன்பு. அதையே உங்க அண்ணன் என்கிட்ட ‘உன்னைப் பாத்துக்கறேன்’னு சொன்னா அது அடி.”

காரணம் தேடுவது வீண், கைப்பழக்கமே படைக்கலம் என்று தெளிந்த அவள், மருந்து அலமாரியில் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் ‘ஆஃப்டர்’ என எழுதினாள். ஊசிக்கு ஒருமுறை, மாத்திரைக்கு இருமுறை, கட்டு மாற்றினால் மும்முறை என ‘லுக் ஆஃப்டர்’ ஓதினாள். ஏழாம் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த முன்னாள் தபால்காரர் நடுவராய் அமர்ந்து, ‘ஃபார்’ தலைகாட்டும் போதெல்லாம் கரண்டியால் டம்ளரைத் தட்டினார். முதல்நாள் வார்டு கோயில் மணிபோல் ஒலித்தது. “இன்னைக்கு முப்பத்தெட்டு வாட்டி எங்களைத் தேடிட்டியேம்மா, நாங்க எங்கயும் போகல,” என்றார் அவர்.

பதினான்காம் நாள் வந்தது பெருந்தோல்வி. வீட்டுச் சாவியைக் காணாமல் கட்டிலடியில் தவழ்ந்தவள், “என்னங்க, சாவியைக் கொஞ்சம் லுக் ஆஃப்டர் பண்ணுங்க!” என்று கூவ, கணவன் ஆடாமல் அசையாமல் நாளிதழ் படித்தான். பஸ் போனது. பிறகுதான் தன் சட்டைப்பையைத் தட்டி, “பத்திரமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்,” என்றான். அன்று அவள் பார்த்த பார்வைக்கு எந்த வாலும் தேவைப்படவில்லை.

விடிந்தது இருபத்தோராம் நாள். வெந்நீர்க் குடுவையில் சாய்த்துவைத்த கைப்பேசியில் மூவேந்தரும் எழுந்தருளினர். அதே வினா எழுந்தது. “ஐ லுக்...” என்றாள், நின்றாள். கீழுதட்டில் மேற்பல் பதிய, ‘ஃபார்’ என்னும் வஞ்சகன் வாசல்வரை வந்து குதிக்க நின்றான். நாற்காலி தொலைவில் மங்கியது, முழங்கால்கள் கதறின. அப்போது, ஆயிரமாயிரம் நோயாளிகளிடம் தான் இட்ட கட்டளையையே தனக்கும் இட்டாள்: வாயைப் பெரிதாகத் திறந்து ‘ஆ’ என்று சொல்! உதடு விலகியது, வஞ்சகன் வீழ்ந்தான், “ஆ...ஃப்டர் ஓல்ட் பீப்பிள், சார்!” என்று வெற்றிமுரசு அதிர்ந்தது.

மூவரும் கைதட்டினர். வேலை உமதே என்று அறிவித்த நரைத்தாடி வேந்தர், உங்களை ஆவலோடு எதிர்பார்க்கிறோம் என்னும் பொருளில், “வீ லுக் ஃபார்வர்ட் டு சீயிங் யூ!” என்று விடைகொடுத்தார்.

ஐயகோ! அக்குலத்தில் இப்படியொரு வால் இருப்பதை அவள் அறியாள். லுக் என்றால் பார், ஃபார்வர்ட் என்றால் முன்னால்; முன்னால் பார் என்றன்றோ ஆணையிடுகிறார்! உடனே அவள் முதுகு நிமிர்த்தி, முகவாய் உயர்த்தி, மலை வந்து மோதினும் மாறாத நோக்கோடு, இமையாது, அசையாது, மூச்சும் விடாது நேர்முன்னே நோக்கி, செதுக்கிவைத்த சிலையென வீற்றிருந்தாள். மூவர் கையசைத்தும் அசைந்திலள்.

நெட் நின்றுவிட்டது என்று நினைத்து அவர்கள் போனை வைத்துவிட்டார்கள்.