தோளுக்கு வெளியே இரண்டு விரல்

எங்கள் தர்மபுரிப் பக்கம் ஓர் ஆண் தன் ஆயுளில் மொத்தம் மூன்று மணி நேரம் கோட்டுப் போடுகிறான். ரிசப்ஷன் மேடையில், சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலிக்கு முன்னால், மாலையும் கழுத்துமாக நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்கும் அந்த மூன்று மணி நேரம். அத்தோடு சரி. கோட்டு பீரோவுக்குள் போய்விடும். பிள்ளை பிறக்கும், தொப்பை பிறக்கும், தலை வழுக்கையாகும்; கோட்டு மட்டும் அந்துருண்டை வாசத்தில் மாப்பிள்ளையாகவே நின்றுகொண்டிருக்கும்.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், முப்பத்து நாலு வயதில், மூன்று நோட்டு நிறையக் கவிதை எழுதி வைத்திருந்த எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை. (ஊர் நடப்பு தெரியாதவன்தான் கவிதை எழுதுவான் என்பாள் அக்கா. அதை மறுத்து ஒரு கவிதை எழுதினேன். அதை அவள் படிக்கவில்லை.)

அப்போது நான் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர். மாணவர்கள் எட்டிப் பார்க்காத நூலகம். வேலைக்குப் போகிறவர்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்கிற புத்தகம் ஒன்று அங்கே கிடந்தது. வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். வெயில் ஜன்னல் கம்பியில் உருகி ஒழுகுகிற மத்தியானங்களில் அதைத்தான் விரித்து வைத்திருப்பேன். பழுப்பு இலைகள் கொட்டிக் கிடக்கும் ஏதோ ஒரு பாதையில், பழுப்புக் கோட்டோடு ஆண்கள் நடந்து போவார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியாது. எங்கே போனாலும் அங்கே அவர்களை யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அது மட்டும் அந்த நடையில் தெரிந்தது.

என்னை ஏழு வீடுகள் வேண்டாம் என்று சொல்லியிருந்தன.

புத்தகத்தின் கணக்கு எளிமையானது. ஓர் ஆணுக்கு மூன்று கோட்டு போதும். முதலில் கருநீல பிளேசர், உலோகப் பொத்தானோடு. அப்புறம் சாம்பல் நிறத்தில் ஒன்று. மூன்றாவதாக, சொரசொரப்பான கம்பளியில் பழுப்பாக ஒரு ஸ்போர்ட் கோட். (பெயரில்தான் விளையாட்டு. சித்திரை மாதத்தில் அதைப் போட்டுக்கொண்டு எங்கள் ஊரில் கேரம்கூட ஆட முடியாது.) ஒரே துணியில் கால்சட்டையோடு ஜோடி சேர்ந்து வந்தால் அது சூட். இவை ஜோடி இல்லாதவை, தனியாக நிற்பதே இவற்றுக்கு அழகு என்று எழுதியிருந்தது. அந்த வரியிலேயே நான் அன்று சாயங்காலம் வரை இருந்தேன்.

எட்டாவது வீடு பென்னாகரத்தில் அமைந்தது. பெண் பெயர் கோமதி. பெங்களூரில் ஒரு கார்மென்ட்ஸில் வேலை என்றார் தரகர். என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. போட்டோவில் அவள் ஒரு புருவத்தைச் சற்றே தூக்கி, படம் எடுத்தவரிடம் ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி நின்றாள். அந்தப் புருவத்தைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதினேன். மற்ற ஏழு வீடுகளுக்கும் அம்மாவுக்காகப் போனவன். இந்த வீட்டுக்கு எனக்காகப் போக வேண்டியிருந்தது. தரகர் வேறு, இதுவும் தட்டிப்போனால் இனி இந்த ஜாதகத்தைக் கையால் தொடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

ஆகவே கோட்டு வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, ஆறடி ஆள், உரக்கடை வைத்திருக்கிறவர். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அவருடைய ரிசப்ஷன் கோட்டு கருநீலம் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். (வெளிச்சத்தில் அது மயில் கழுத்து மாதிரி மின்னும். நிழலில் வைத்துப் பார்த்தேன்.) கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். அது யாருடையது என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் கேட்டேன்; அதையும் செய்து கொடுத்தார். கறுப்புப் பொத்தான்களை வெட்டிவிட்டுப் பித்தளைப் பொத்தான்களைத் தைத்தேன். எனக்குக் கண்ணாடியில் புத்தகத்தின் அட்டைப்படம் தெரிந்தது. அக்காவுக்கு, ஊர்வலத்துக்கு முன்னால் கிளாரினெட் வாசித்துப் போகிறவர் தெரிந்தார்.

“சட்டையில போனா ஆகாதாடா?”

“உனக்குப் புரியாதுக்கா.”

“எனக்குப் புரியாம போனா போவுது. அவங்களுக்குப் புரியணுமே.”

அம்மா, அக்கா, மாமா, தரகர், நான். ஒற்றைப்படையாக ஐந்து பேர் பஸ் ஏறினோம். கசங்கக்கூடாது என்று கோட்டை ஹேங்கரோடு மேல்கம்பியில் மாட்டினேன். வளைவுக்கு வளைவு அது கைகளை வீசி ஆடியது. கண்டக்டர் நிதானமாக என்னிடம் வந்து, அவருக்கும் சேர்த்து ஆறு டிக்கெட்டா என்று கேட்டார். பென்னாகரத்தில் இறங்கி, ஒரு ஜூஸ் கடைக் கண்ணாடி முன் நின்று அதைப் போட்டுக்கொண்டேன். பெண் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பெரியவர் மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னார். பட்டா மாற்றச் சொல்லிக் கொடுத்த மனு என்னாயிற்று என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவ்வளவு தூரம் போயிருந்தது புத்தி.

அந்த வீட்டில் பேசியவர் கோமதியின் அப்பா, முடிவெடுக்கிறவர் பெரியம்மா. அது உட்கார்ந்த இரண்டாவது நிமிஷத்திலேயே தெரிந்தது. தட்டில் கேசரி, மிக்சர். தலைக்கு மேல் ஒரு மின்விசிறி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முதுகில் வேர்வை ஓடுவது எனக்கே கேட்டது. கோட்டு சொந்தத்தில் தைத்ததா என்று அப்பா மரியாதைக்குக் கேட்டார்.

“ஆமாங்க. போன வருசம் தெச்சது.”

மாமா மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சத்தியத்தைக் காப்பாற்றுகிறவரின் மெல்லல் அது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. பிளேசர் வேறு, ஸ்போர்ட் கோட் வேறு, சூட் வேறு என்று ஆரம்பித்தேன். நல்ல கோட்டை அதன் காலருக்கு அடியில்தான் பார்க்க வேண்டும் என்றேன். பார்ப்பதற்காகக் காலரைப் புரட்டியும் காட்டினேன்.

காலருக்கு அடியிலிருந்து ஒன்று உதிர்ந்தது. காய்ந்து, கறுத்து, பூச்சியின் இறகு போல, கொஞ்சம் ஜரிகை ஒட்டிக்கொண்டு, காற்றில் இரண்டு தரம் புரண்டு என் கேசரியின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒன்பது வருஷம் அந்த மடிப்புக்குள் தூங்கியிருக்கிறது. எழுந்திருக்க அதற்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

பெரியம்மா அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரோசா இதழு. மாலையிலேர்ந்து உளுந்தது” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. “தம்பி, இது ரிசப்சன் கோட்டு. மாலை உளுந்த கோட்டு. உங்களுக்குத் தெச்சதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப மொதக் கல்யாணம் எப்ப ஆச்சுங்க?”

அம்மா பதறி, தன் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று அழ ஆரம்பித்தாள். தரகர் எழுந்து செருப்பைத் தேடினார். அப்பா என் ஜாதகத்தை மடித்து எங்கள் பக்கமாக நகர்த்தினார். மாமா மெல்லுவதை நிறுத்திவிட்டு, சொல்லட்டுமா என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. எத்தனையோ இரவல்களில் நிற்கிற வாழ்க்கைதான். இருந்தாலும் இரவல் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல மனம் வரவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு, இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டி மறைத்தவன் என்ற பேர்கூடத் தாங்கக்கூடியதாக இருந்தது. இரவல் கோட்டில் வந்தவன் என்ற பேர் தாங்கவில்லை. இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாக இருக்கிறது. உண்மையில் அதுதான் நடந்தது.

காபித் தட்டோடு கோமதி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். போட்டோவில் இருந்த அதே புருவம்.

“பெரியம்மா, அது அவரு கோட்டே இல்ல.”

எல்லோரும் திரும்பினார்கள்.

“தோளப் பாருங்க. தையல் தோளுக்கு வெளிய ரெண்டு விரல் தள்ளி நிக்குது. கையி பாதி உள்ளங்கைய மூடுது. இத இவருக்குன்னு ஒருத்தன் தெச்சிருந்தா அவனுக்கு மறுநாளு வேலை இருக்காது.” காபித் தட்டால் மாமாவைக் காட்டினாள். “அந்த அண்ணனுக்குப் போட்டுப் பாருங்க, அளவா இருக்கும்.”

மாமா சத்தியத்தை ஒரே மூச்சில் இறக்கி வைத்தார். “என்துதாங்க. நா எங்கயும் சொல்லல. நீங்களாத்தான் கண்டுபுடிச்சீங்க.”

கார்மென்ட்ஸில் அவளுக்கு என்ன வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தைத்து வருகிற கோட்டுகளைத் தொங்கவிட்டுக் குற்றம் பார்ப்பது. தேறாததைத் திருப்பி அனுப்புவது. தோள் பொருந்தாத கோட்டை எந்தத் தையலும் காப்பாற்றாது என்று என் புத்தகத்திலும் ஒரு பக்கம் இருந்தது. படம் இல்லாத பக்கம். தள்ளிவிட்டேன்.

“அப்ப எதுக்குப் பொய் சொன்னீங்க?” என்றார் பெரியம்மா.

“அவரு மொதல்ல அதக் கழட்டட்டும்” என்றாள் கோமதி. “வேத்து ஊத்துது.”

கழற்ற முடியாத காரணம் ஒன்று இருந்தது. வெளியே தெரிகிற இடம்தானே என்று சட்டையில் காலரையும் கை நுனியையும் முதலில் தேய்த்தேன். முதுகைத் தேய்க்கத் தொடங்கி, ஒரு வரி தோன்றி, எழுதப் போய்விட்டேன். கோட்டைக் கழற்றியபோது அங்கே ஒரு முழு இஸ்திரிப் பெட்டி, முனை மழுங்காமல், பழுப்பாகப் பதிந்திருந்தது. சமையல்கட்டில் யாரோ தம்ளரைக் கீழே போட்டார்கள். சிரிப்பை அடக்கும்போது கை தளரும்.

“எரவலுங்க” என்றேன். “ஏழு வூட்டுல வேணாம்னுட்டாங்க. கோட்டுப் போட்டா வேற ஆளாத் தெரிவனோன்னு நெனச்சேன்.”

“வேற ஆளாத்தான் தெரிஞ்சீங்க” என்று சொல்லிவிட்டு அவள் எனக்கு முன்னால் காபியை வைத்தாள்.

பத்து நாள் தகவல் இல்லை. அம்மா தீர்த்தமலைக்குப் போய் வேண்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பதினோராம் நாள் தரகர் வந்தார். பெண்ணுக்குச் சம்மதமாம். கேட்டபோது உண்மை சொல்லிவிட்டாராம், முதுகில் மறைக்க இனி ஒன்றும் இல்லையாம். ஒரே நிபந்தனை: மேடையில் கோட்டு கூடாது. வேட்டி சட்டையில் நின்றேன். எங்கள் சொந்தத்தில் ரிசப்ஷன் கோட்டு இல்லாத ஒரே ஆண் நான்தான்.

ஆனால் என்னிடம் இப்போது நாலு கோட்டு இருக்கின்றன. எல்லாம் அவள் பார்த்துத் தேற்றியவை. தேறாமல் கடையிலேயே நின்றவை அதிகம். கருநீல பிளேசர் ஒன்று, உள்துணி இல்லாமல், இந்த வெயிலுக்குத் தக்கபடி. சாம்பல் ஒன்று. பழுப்பில் இரண்டு: பருத்தியில் ஒன்று, லினனில் ஒன்று. கம்பளியை அவள் கையால் தடவிப் பார்த்துவிட்டு வேறு ஊருக்கு என்று ஒதுக்கிவிட்டாள். கடையில் என் தோளில் இரண்டு விரலை வைத்து, இதோ இங்கேதான் நீங்கள் முடிகிறீர்கள் என்று காட்டுவாள். நான் எங்கே முடிகிறேன் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பாதி ஆயுள் ஆகியிருக்கிறது. கவிதையில் அது இன்னும் தெரியவில்லை.

மாமாவின் கோட்டும் எங்கள் பீரோவில்தான் இருக்கிறது. இன்னொரு கல்யாணப் பேச்சு அடிபட்ட கோட்டு என் வீட்டுக்கு வேண்டாம் என்று அக்கா திருப்பி வாங்க மறுத்துவிட்டாள்.

அன்று ஜன்னல் ஓரம் நின்று கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள், முதல் கல்யாணம் எப்போது என்ற கேள்வியோடு ஊருக்குச் சொல்ல ஓடிவிட்டார்கள். மீதியை யாரும் வந்து கேட்கவில்லை. ஆகவே பென்னாகரத்தில் இன்றைக்கும் கோமதி இரண்டாந்தாரம்தான். போன தை மாதம் அங்கே ஒரு கல்யாணப் பந்தியில் ஓர் அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மூத்தவள் எங்கே இருக்கிறாள், தொந்தரவு எதுவும் இல்லையே என்று உருக்கமாக விசாரித்தார். விளக்கிச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். கோமதி என்னைத் தடுத்துவிட்டாள்.

“எங்க வூட்டுலயேதாங்க இருக்காங்க. பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கேன். வருசத்துக்கு ஒருக்கா எடுத்து வெயில்ல போடுவேன்.”

அந்த அம்மாள் கையை விட்டுவிட்டு இரண்டு இலை தள்ளிப் போய் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டுக்கு இப்போது மூத்தவங்க என்று பேர். பென்னாகரத்தில் என்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம்; இப்போது பேச்சு கோமதியைப் பற்றித்தானாம்.