மார்லிஸ் அக்காவுக்கு, கோல்பியின் உயரம் குறித்து

ஷெபாய்கன்,
ஆகஸ்ட் கடைசி வாரம்

பேரன்புமிக்க மார்லிஸ் அக்கா அவர்களுக்கு,

தம்பி ஆர்லோ எழுதிக்கொண்டது. இங்கு நானும் லோர்னாவும் சுகமே. என் விலா எலும்பு ஒன்று மட்டும் சுகமில்லை, அந்த விவரம் கீழே வருகிறது. தாங்களும் ஹெர்ப் அத்தானும் அவருடைய இரண்டு முழங்கால்களும் நலமாயிருக்க வேண்டுகிறோம்.

நிற்க. என் மகனும் தங்கள் மருமகனுமான கோல்பி மில்வாக்கி ஸ்டர்ஜன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் புதுமுகமாகச் சேர்ந்ததும் தாங்கள் கேக் அனுப்பினீர்கள். அணியில் சேர்வது வேறு, ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் இறங்குவது வேறு என்று அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை. பந்தை இடுக்கிக்கொண்டு எதிரிகளுக்குள் புகுந்து ஓடும் ரன்னிங் பேக் வேலை அவனுக்கு. அங்கே மற்றவர்கள் எல்லாம் அலமாரி அலமாரியாக நிற்கிறார்கள். நம் பிள்ளை அதன் கீழ் இழுப்பறை. பயிற்சிக்குப் போன முதல் நாளே வாசல் காவலர், "தம்பி, கையெழுத்து வாங்குற பசங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்று விரட்ட, இவனும் மரியாதையாக அந்த வரிசையில் நின்றிருக்கிறான் அக்கா!

ஓட்டத்தில் குறையே இல்லை. ஆனால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கை யாரும் வந்து சாய்க்காமல் மறிப்பதும் இவன் வேலையாம். முதல் பயிற்சி ஆட்டத்தில் ஒரு தடியன் இவனை ஜன்னல் திரை மாதிரி ஒதுக்கிவிட்டுப் போய் அந்த ஆளைப் புல்லில் சாய்த்துவிட்டான். கோச் ராஸ்முஸன், "அழகா ஓடறேப்பா. ஆனா எறியறவனைக் காப்பாத்தத் தெரியாம உன்னை எப்படி முதல்ல இறக்குவேன்?" என்று கேட்டுவிட்டார். முன்பு அந்த வேலையைப் பார்த்து, காலில் அடிபட்டுக் கிடக்கும் பிரிஜஸ் திரும்பி வந்தால் அந்த இடம் அவருக்குத்தான் என்று பத்திரிகைகள் வேறு எழுதின.

லீவில் வீட்டுக்கு வந்தவன், தட்டிலிருந்த சாசேஜைத் தொடாமல், "அப்பா, நீங்க எவ்வளவு கனம் இருப்பீங்க?"ன்னு கேக்கறான். பெத்தவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? கேட்டதோட விடாம பழைய மெத்தையை என் வயித்துல கயித்தால கட்டி, தோட்டத்துல நிக்க வெச்சு, "ஓடி வந்து இடிங்கப்பா"ங்கறான். பஸ் போனா போகட்டும்னு நிக்கற ஆளு நான், ஓடினேன். நான் இடிக்க இடிக்க அவன் விழுந்தான். எனக்கே பாவமாப் போச்சு. சமையலறை ஜன்னல்லேர்ந்து அவன் அம்மா லோர்னா கத்தினா: "டேய், நிமிர்ந்து நின்னு யாருக்குடா காட்டப் போறே? அவர் தொப்பைக்குக் கீழ போடா!" போனான். அடுத்த நிமிஷம் நான் தக்காளிப் பாத்தியில கிடக்கேன், பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல எட்டிப் பாத்து, "ஆர்லோ, ஆம்புலன்ஸா, பீரா?"ங்கறார். ஆஸ்பத்திரி நர்ஸ் யார் இடிச்சதுன்னு கேட்டதுக்கு கோல்பியைக் காட்டினேன். அவனை மேலும் கீழும் பாத்துட்டு, "சார், உண்மையைச் சொல்லுங்க"ன்னா.

கடைசிப் பயிற்சி ஆட்டத்துல இன்னொரு தடியன் வந்தான். நம்ம பய குனிஞ்சான், இடுப்புக்குக் கீழ போனான், அந்த மலை தலைகுப்புற விழுந்தது! எறிஞ்ச பந்து பறந்து கோட்டுக்கு அப்பால நம்ம ஆள் கையில போய்ச் சேர்ந்தது, புள்ளி நமக்கு. ஆனா கோச் முகத்துல ஒரு சிரிப்பில்லை. "பாக்கலாம்"னார், அவ்வளவுதான். பிரிஜஸும் நொண்டாம நடக்க ஆரம்பிச்சாச்சு.

ஆகவே அக்கா, நான் முடிவு செய்துவிட்டேன். பையன் மனசு உடைவதற்குள் அத்தான் தமது மரச்சாமான் கடையில் அவனுக்கு ஓர் இடம் பார்த்து வைக்கட்டும். "இன்னும் நேரம் இருக்குப்பா" என்று அவன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். சின்ன வயசு, அப்படித்தான் பேசும். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதல் நிஜ ஆட்டத்துக்காகத் தாங்கள் அயோவாவிலிருந்து அலைந்து வர வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். தங்கள் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்க வேண்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
ஆர்லோ டெம்ப்ஸ்கி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போறப்ப கோல்பி போன் பண்ணினான். ஞாயித்துக்கிழமை முதல்ல இறங்கறது அவன்தானாம்! குவார்ட்டர்பேக்கே கோச்கிட்ட போய், "அந்தக் குட்டிப் பயலை என் பக்கத்துல நிறுத்துங்க, எனக்குத் தைரியமா இருக்கு"ன்னு சொன்னானாம். மேலே எழுதினதை அத்தானுக்குப் படிச்சுக் காட்டாதீங்க. உடனே கிளம்பி வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் சேத்து டிக்கெட் எடுத்தாச்சுன்னு லோர்னா இப்பதான் சொல்றா. என்னை ஒரு வார்த்தை கேக்காம, போன மாசமே எடுத்துட்டாளாம்.