எங்களிடம் இருந்த ஒரே கோல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு உருப்படியாக ஏதாவது நடந்ததென்றால் அது எங்கள் விளையாட்டுச் செய்தி சேனல்தான். அதன் செய்தி ஆசிரியர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் நாங்களும் காட்டுமிராண்டிகளாகத்தான் இருந்தோம். ஆட்டத்தையே காட்டித் தொலைத்தோம்! ஒளிபரப்பு உரிமையின் விலை கைக்கு எட்டாமல் போனதும், ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது என்ற அடுத்த படிக்கு ஏறினோம். பேச்சும் சலித்தது. நான்கு பேரை உட்காரவைத்துக் கத்தவிட்டோம். இதற்கு 'அலசல்' என்று பெயர்.

கத்துகிறவர்களுக்குப் பின்னால் ஏதாவது ஓட வேண்டுமே? கால்பந்து அரையிறுதியிலிருந்து ஒரே ஒரு துண்டுக் காட்சியை வாங்கினோம். கோல்கீப்பரின் கைக்கு வந்த பந்து நழுவி, அவன் கால்களுக்கிடையே புகுந்து, வலைக்குள் சாவகாசமாகப் போகும். கோல்கீப்பர் என் மனைவியின் தம்பி. தொழில் வேறு, உறவு வேறு அல்லவா? பந்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக, இன்னும் மெதுவாக ஓட்டினோம்.

அந்த கோலையும் மீறி அணி இறுதிப் போட்டிக்குப் போனது. அதில் மச்சினன் மூன்று பெனால்டிகளைப் பாய்ந்து தடுத்தான். கோப்பை கிடைத்தது.

"சார், அந்தக் காட்சி நம்மகிட்ட இல்லையே?" என்று படத்தொகுப்பாளர் கையைப் பிசைந்தார்.

"இருக்கறதப் போடுங்க" என்றார் நிர்வாகி. "ஆளு அதே ஆளுதானே?"

'வெற்றி நாயகன்' என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே நாள் முழுக்கப் பந்து நழுவியது.

வீட்டில் மனைவி சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள். "கப்பு வாங்கிட்டு வந்திருக்கான். இன்னும் அவன் மானத்த வாங்கிட்டிருக்கீங்க!"

"வேற கிளிப் இல்லம்மா."

"வேற மனசும் இல்ல."

அடுத்த மாதம் தேசிய அணியை அறிவித்தார்கள். மச்சினன் அதில் இல்லை. பதறிப்போய்த் தேர்வுக்குழுத் தலைவருக்குப் போன் போட்டேன்.

"ஃபைனல்ஸ்ல எப்படி ஆடினான்னு பாத்தீங்களா சார்?"

"மேட்ச் பாக்க எங்கய்யா நேரம்? உங்க சேனல்தான் பாக்கறோம். தினம் தினம் கோட்டை விடறானே!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆட்டத்தைக் காட்டாமலேயே அணியைத் தேர்ந்தெடுக்கும் சேனல் உலகத்தில் வேறெங்கே உண்டு? அன்றைய அலசல்: 'தேர்வுக்குழுவுக்குக் கண் இல்லையா?' பின்னணியில் அதே காட்சி.

நிர்வாகி என்னைத் தட்டிக்கொடுத்தார். "உங்க மச்சினனையே கூட்டிட்டு வாங்க. ஆட்டம் முடிஞ்ச ஆளுக்குத்தான் நம்மகிட்ட நாற்காலி."

நல்ல சேதியோடு ஓடினேன். மச்சினன் குழாயடியில் கையுறைகளை அலசிக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். பிறகு கையுறையைப் பிழிந்து உதறினான்.

"எதிராளி அடிச்சதையெல்லாம் தடுத்துட்டேன் மாமா. வீட்டு ஆளு அடிச்சதத்தான் தடுக்க முடியல."