பத்தொன்பதாம் எண் இடத்தை இழந்த விவரம்

ஆர்தேஷ் ஆற்றங்கரை விடுமுறை முகாம்,
இடம் எண் 63, கழிப்பறைக்கு எதிர்ப்புறம்,
ஞாயிறு காலை.

அன்பு மைத்துனன் வீபேக்கு கோவர்ட் எழுதுவது. உன் வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். என் நலம் எப்படி என்பது கீழே.

மேலே உள்ள எண்ணைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும். இருபத்தோரு வருடமாக நமக்கென்றிருந்த பத்தொன்பதாம் எண், மரநிழலும் ஆறும் சேர்ந்த அந்த இடம், போய்விட்டது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வராதவனின் இடம் அடுத்தவனுக்கு. இது இங்கே சட்டம். நான் வந்து சேர்ந்தது ஏழேகால். தள்ளுவண்டியில் பாலாடைக்கட்டி விற்று மூன்று கடை வைத்தவன் நான். ஒரு நாளும் ஓரிடத்துக்கும் பிந்திப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை காலை, என் கேரவன் வீட்டுவண்டியை எடுக்க, குளிர்காலத்தில் அதை வாடகைக்கு நிறுத்திவைக்கும் தெனிஸின் கொட்டகைக்குப் போனோம். அக்டோபரில் நீ விடுமுறைக்கு இரவல் வாங்கி, திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியது. காரில் மாட்டி இழுத்தால் இடது சக்கரம் சுற்றுகிறது, வலது சக்கரம் சுற்றாமல் தரையில் கறுப்புக் கோடு போடுகிறது. தெனிஸ் காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஹேண்ட்பிரேக்கை இழுத்தே விட்டிருக்கீங்க. ஈரத்துல மாசக்கணக்கா நின்னா பிரேக் லைனிங் துருப்பிடிச்சு சக்கரத்து டிரம்மோட ஒட்டிக்காம என்ன செய்யும்? பிரேக் போடாதீங்கன்னு கதவுலயே எழுதி வெச்சிருக்கேனே!"

"என் மச்சான் வேலை. வண்டி உருண்டுடுமோன்னு பயந்திருப்பான்."

"எங்கய்யா உருளும், கடலுக்கா? தட்டையாப் பள்ளத்துல கிடக்குற நம்ம ஊர்ல கடலே நம்மளைவிட உசரத்துல இருக்கு!"

பிறகு சக்கரத்தடியில் இருந்த இரண்டு மரக்கட்டைகளைக் காலால் தள்ளிவிட்டு, "கட்டையும் வெச்சு பிரேக்கும் போட்ட ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். உனக்காக நான் தலைகுனிந்தேன், வீபே.

முன்னும் பின்னுமாக மெல்ல இழுத்துப் பார்த்தோம், விடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, டிரம்மின் விளிம்பில் மரத்துண்டை வைத்து, சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினோம். ஓங்கி அடித்தால் டிரம் விண்டுபோகும் என்று தெனிஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து 'டொக்'கென்று விட்டது. கழற்றித் துருவைத் தேய்த்து மாட்டியபோது மதியம். நாற்பது கிலோமீட்டர் போய் நிறுத்தித் தொட்டுப் பார்த்தால் இடது சக்கரம் ஜில்லென்று இருக்கிறது, வலதில் கை வைக்க முடியவில்லை. "ஏங்க, இதுல முட்டை பொரிக்கலாம்" என்றாள் உன் அக்கா ஹில்லெக்கே. நெம்புகோலை இறக்கியும் பிரேக் கம்பி உறைக்குள் சிக்கித் திரும்பாமல் இருந்திருக்கிறது. எண்ணெய் விட்டு, இழுத்து இழுத்து விட்டு, அதைச் சரிசெய்தேன். அப்புறமும் நம்பிக்கை வராமல் அரைமணிக்கொரு தரம் நிறுத்தி, நோயாளி நெற்றியைத் தொடுகிற மாதிரி சக்கரத்தைத் தொட்டுக்கொண்டே வந்தேன். அதில்தான் பிந்திப்போனது.

பத்தொன்பதில் இப்போது ஒரு பெல்ஜியப் பல் டாக்டர். "வாங்க சார், நல்ல நிழல், உட்காருங்க" என்று என் இடத்தில் எனக்கே நாற்காலி போட்டார். வீபே, அந்த நாற்காலியை நான் மறக்கமாட்டேன். இனி இந்தக் கேரவன் உனக்கில்லை. உன்னிடமுள்ள சாவியைத் தபாலில் அனுப்பிவிடு. ஆகஸ்டில் இங்கே வருவதாகச் சொன்னாயே, அதுவும் வேண்டாம்.

நீயும் குடும்பமும் நீண்ட ஆயுளோடும் உருளும் சக்கரங்களோடும் வாழ ஆசி.

உன் அத்தான்,
கோவர்ட்

பின்குறிப்பு: ஹில்லெக்கே இதைப் படித்தாள். "பிப்ரவரிப் புயல்ல, வண்டி பறந்துடும்னு ராவோட ராவா ஓடிப்போய் பிரேக்கை இழுத்துட்டு வந்தது யாருங்க? வீபே கட்டை மட்டும்தானே வெச்சிருந்தான்?" என்றாள். எனக்கும் நினைவு வந்துவிட்டது. இரண்டு பக்கம் எழுதிவிட்டேன், தாளைக் கிழித்துப்போட மனம் வரவில்லை. ஆகவே உன்னைத் திட்டிய இடத்திலெல்லாம் என்னைத் திட்டியதாகப் படித்துக்கொள். சாவி உன்னிடமே இருக்கட்டும். ஆகஸ்டில் கட்டாயம் வா. இந்த அறுபத்து மூன்று நல்ல சரிவு. பிரேக்கைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது. வரும்போது தெனிஸிடமிருந்து உன் கட்டைகளை வாங்கி வா. அதுவரை ஹில்லெக்கேயின் மாவுமூட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது.