நூற்றுக்கு மூன்று எடுத்த மாத்திரை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, பெண்ணையும் கொடுத்து முழங்காலையும் உங்களை நம்பி ஒப்படைத்த மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு என் வலது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம். அங்கு உங்கள் கம்ப்யூட்டரும் அது துப்புகிற எண்களும் நலமா?

ஞாயிற்றுக்கிழமை போனில், "மாமா, ரெண்டாவது சோதனையில அந்த மாத்திரை தேறல. பேசாம ஆபரேஷன் பண்ணிக்குங்க" என்று என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடப் போய்விட்டீர்கள். இங்கே எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. காலமெல்லாம் தலைமையாசிரியராக இருந்து மதிப்பெண் போட்ட கை இது. இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியாது. மறுகூட்டல் வேண்டும்.

போன வருடம் நீங்கள்தானே சாப்பாட்டு மேசையில் பெருமையடித்தீர்கள், உங்கள் கம்பெனியின் மூட்டு வலி மாத்திரைக்கு முதல் சோதனையில் பி மதிப்பு புள்ளி பூஜ்யம் மூன்று வந்திருக்கிறது என்று? நூற்றுக்கு மூன்று என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மதிப்பெண்ணுக்கு நான் பையனின் அப்பாவை அழைத்து வரச் சொல்வேன். ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் தேர்ச்சி என்றீர்கள். குறைவாக எடுத்தவன் தேறுகிற பரீட்சையை என் சர்வீஸில் பார்த்ததில்லை, ஆனாலும் புரிந்துகொண்டேன். மாத்திரை பொய்யாக இருக்க நூற்றுக்கு மூன்று, மெய்யாக இருக்கத் தொண்ணூற்றேழு. கூட்டினால் நூறு, கணக்கு சரி. உடனே டாக்டருக்குப் போன் போட்டு, குறித்திருந்த ஆபரேஷன் தேதியை ரத்து செய்தேன். "ஏன் சார்?" என்றார். "தொண்ணூத்தேழு வாங்கின மாத்திரை இருக்கும்போது உங்க கத்தி எதுக்கு?" என்றேன். அன்றிலிருந்து அந்த மனிதர் என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்.

இதைக் கேள்விப்பட்ட உங்கள் மனைவி (அவள் என் மகளும்கூட, அதை அவ்வப்போது மறந்துவிடுகிறாள்) வந்து எனக்கே வகுப்பெடுத்தாள். "அப்பா, அது மார்க் இல்லப்பா. மாத்திரையில ஒண்ணுமே இல்ல, வெறும் சுண்ணாம்புன்னே வச்சுக்கோ. அப்பவும் குருட்டாம்போக்குல இவ்வளவு வித்தியாசமோ, இதுக்கு மேலயோ தெரியறதுக்கு நூத்துல மூணு வாய்ப்பு உண்டு. அந்த எண்ணு சொல்றது அவ்ளோதான். மாத்திரை வேலை செய்யறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு அது சொல்லவே இல்ல." நீங்கள் பின்னாலிருந்து, "காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு. மறுபடி உக்காரட்டும், மறுபடியும் விழுதான்னு பாப்போம் மாமா" என்றீர்கள். கணவனும் மனைவியும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆள் என்ன செய்வான்?

அதனால்தான் அந்த இரண்டாவது சோதனையில் நானே போய்ச் சேர்ந்தேன். உங்கள் மாமனார் என்று மூச்சு விடவில்லை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே உருவத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். முதல் மாத்திரை தொண்டையில் இறங்கும்போதே ஒரு கசப்பு கசந்தது பாருங்கள், மருந்து என்றால் அது மருந்து! ஒரே வாரத்தில் கைப்பிடியைத் தொடாமல் மாடிப்படி இறங்கினேன். ஆனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற தையல்காரம்மா, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் எட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்கிறார். மாப்பிள்ளையின் மாத்திரையாயிற்றே என்று நான் மெதுவாக, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நாலுதானே?" என்றேன். "சார், வலி என் முழங்கால்ல இருக்கா, உங்க வாயில இருக்கா?" என்று கேட்டுவிட்டார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு சோதனை நடத்தினால் எப்படித் தேறும்?

இப்போது பி மதிப்பு புள்ளி நான்கு என்கிறீர்கள். நூற்றுக்கு நாற்பது எடுத்தவனை நான் முதுகில் தட்டி அடுத்த வகுப்புக்கு அனுப்புவேன். சரி, உங்கள் பரீட்சை தலைகீழ். சோதனைக்கு வந்தவர்களைப் பிரித்துப் பார்க்கலாமே? பெண்களை விடுங்கள். ஆண்களில் வலது முழங்கால், அதில் மாடி வீடு, அதிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர் என்று தேடினால் தேர்ச்சி கிடைக்காமலா போகும்? பள்ளிக்கூடமே கவிழ்ந்த வருடத்தில் 'பி பிரிவு மாணவியர் மொழிப் பாடத்தில் நூறு சதவீதம்' என்று வாசலில் போர்டு வைத்து மானத்தைக் காப்பாற்றியவன் நான். நீங்களோ, "பிரிச்சுக்கிட்டே போனா எங்கயாவது ஒரு மூலையில சும்மாவே தேறிடும் மாமா. அது மாத்திரையோட சாமர்த்தியம் இல்ல, நம்ம சாமர்த்தியம்" என்கிறீர்கள். சாமர்த்தியசாலி என்று நம்பித்தானே ஐயா பெண்ணைக் கொடுத்தேன்!

கத்திக்குப் பயந்துதான் நான் இப்படிக் குதிக்கிறேன் என்று உங்கள் அத்தை சொன்னால் நம்பாதீர்கள். அவளுக்கு அறிவியல் நோக்கு கிடையாது. நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல், எண்களெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
அறுவை சிகிச்சை எள்ளளவும் தேவைப்படாத
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்ஸ் போன் செய்துவிட்டார். யாருக்கு எது என்ற பட்டியல் இன்றுதான் ஆஸ்பத்திரிக்கு வந்ததாம். எனக்கு வந்ததெல்லாம் மாவு. "அப்போ அந்தக் கசப்பு?" என்றேன். "அந்த மாவுல சர்க்கரைதான் சார் கலந்திருந்துச்சு" என்றார். போனை வைத்துவிட்டு எழப் பார்த்தேன், முழங்கால் எழவில்லை. உண்மையில் அது ஒரு மாதமாகவே எழவில்லை. கைப்பிடியைத் தொடாமல் இறங்கியது வாஸ்தவம். உங்கள் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். டாக்டரிடம் நீங்களே பேசித் தேதி வாங்குங்கள், என் குரல் கேட்டால் வைத்துவிடுவார். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. மயக்க ஊசி போடும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். நூற்றுக்கு எத்தனை பேர் கண் விழிக்கிறார்கள் என்று கேட்பேன். நீங்கள் எண்ணில் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும், எல்லாரும் என்று சொல்லிவிடுங்கள்.