பொம்மை மிராசும் சொர்ணத்தம்மாளும்

குடவாசல் பக்கம் மட்டுமல்ல, காவிரி பாயும் பூமி முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், மேஜையே இல்லாத வீட்டில் மேஜை அலங்காரம் வைத்திருந்த மனிதர் இன்னொருவர் கிடைக்க மாட்டார். ஊர் அவரைப் பொம்மை மிராசு என்றது. சொந்தப் பெயர் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டில் இருந்தது. அதை எழுதிய குமாஸ்தாவான எனக்கே இப்போது மறந்துவிட்டது.

காரைக்காலில் ஒரு பிரெஞ்சுத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது ஏலத்தில் அவருடைய தாத்தா எடுத்தது அது. முழங்கை உயரத்துக்கு, தங்கமுலாம் பூசிய வெண்கலப் பெண். இரண்டு கைகளையும் உயர்த்தி, தலைக்கு மேல் அல்லிப்பூ மாதிரி விரிந்த கண்ணாடிக் கிண்ணத்தைத் தாங்கிக்கொண்டிருப்பாள். துரைமார் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்து, அதில் பழமும் பூவும் நிரப்புவார்களாம். மிராசு வீட்டில் தரையில் இலை போட்டுத்தான் சாப்பாடு. அதனாலென்ன, பந்திக்கு நடுவில் தரையிலேயே அவளை நிறுத்திவிடுவார். ரசவாளியோடு வருபவர் அவளைப் பிரதட்சணம் செய்துதான் அடுத்த இலைக்குப் போக வேண்டும். நீடாமங்கலத்துச் சம்பந்தி ஒருவர் தெரியாமல் கிண்ணத்தில் கை கழுவிவிட்டார். சம்பந்தத்தையே முறித்துக்கொள்ளப் பார்த்தார் மிராசு.

மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குச் சன்னல் வெயில் அந்தக் கண்ணாடியில் புகும். வெளியே தென்னங்கீற்று ஆட ஆட, சுவரெல்லாம் நீலமும் ரோஜா நிறமுமாகத் தண்ணீர் ஓடும். மிராசு ஊஞ்சலில் அரைக்கண் மூடிக் கிடப்பார். மடைச் சண்டை, வரப்புச் சண்டை என்று வருகிறவர்கள் வெயில் நகரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் நோட்டீஸ் கொடுக்கப் போன நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதற்கு வந்தேன் என்பதே மறந்து, சுவரில் ஓடிய ஆற்றோடு நானும் போய்க்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் விஷயம் இதுதான். கழக ஆட்சி நில உச்சவரம்பைக் குறைத்திருந்த சமயம். மிராசுதார்கள் மிச்ச நிலத்தை மருமகன், சமையல்காரர், செத்துப்போன அத்தை என்று அகப்பட்ட பேரிலெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நம் மிராசு யோசித்துப் பார்த்ததில் நம்பிக்கையானவளாக ஒருத்திதான் தெரிந்தாள். ஆற்றங்கரையில் ஒரு வேலி நிலத்தைச் சொர்ணத்தம்மாள் பேருக்கு எழுதிவிட்டார். பொம்மைக்கு அவர் வைத்திருந்த பேர் அது. மூன்று தலைமுறையாக அந்த நிலத்தை உழுத காளியப்பன், அப்படியொரு அம்மாள் ஊரிலேயே இல்லை என்று மனுப் போட்டார். அம்மாள் நேரில் வந்து கைநாட்டு வைக்காவிட்டால் நிலம் போய்விடும்.

மிராசின் கணக்குப்பிள்ளை அசரவில்லை. குத்தாலத்திலிருந்து ஒரு அம்மாளை அழைத்துவந்து, புதுப்புடவை கட்டி, பேரையும் நெட்டுருப் போட வைத்துவிட்டார்.

விசாரணை நாளில் அதிகாரி பேரைக் கூப்பிட்டதும் குத்தாலத்து அம்மாள் கம்பீரமாக எழுந்து, கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டாள். அதுவரை மடியில் ஒரு வைக்கோல் மூட்டையோடு உட்கார்ந்திருந்த மிராசு திடீரென்று எழுந்து, மூட்டையைப் பிரித்து, பொம்மையை அதிகாரியின் மேஜை மேல் வைத்தார். துரை வீட்டை விட்டு வந்த பிறகு அவள் ஏறிய முதல் மேஜை அதுதான்.

“இவதாங்க சொர்ணத்தம்மா.”

அதிகாரி பேனாவை மூடினார். “நிலம் கைவிட்டுப் போயிடும். தெரியுதுல்ல?”

“தெரியுதுங்க. அதுக்காக, இவ பேரைச் சொல்லிக்கிட்டு இன்னொருத்தி கைநாட்டு வைக்கிறதை எப்படிங்க பார்த்துக்கிட்டு இருக்கிறது?”

யாரும் சிரிக்கவில்லை. காளியப்பன்தான் முதலில் குனிந்து, சிதறிய வைக்கோலைக் கூட்டி எடுத்தார். “வண்டி ரொம்ப ஆடுங்க. இன்னுங் கொஞ்சம் வச்சுக் கட்டுவோம்,” என்றார். இருவரும் சேர்ந்து அவளைச் சுற்றிக் கட்டினார்கள்.

நிலத்தை உபரி என்று எடுத்தார்கள். பிற்பாடு காளியப்பன் பேருக்கே பட்டா வந்தது. அதுதான் நியாயம். ஆனால் அன்றைக்கு மிராசு மேல் எனக்கு அப்படியொரு பிரியம் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவர்கள் பட்டியல் என் கையில்தான் இருந்தது. யாரையும் கேட்காமல், சொர்ணத்தம்மாள் என்ற பேருக்கு நேரே ‘நேரில் ஆஜர்’ என்று எழுதினேன்.