முன்னைவிட ஒரு படி மேல்

இடது பக்கம் திருப்பினால் மட்டும் வண்டி "கர்ர்ர்" என்றது. வலது பக்கம் திருப்பினால் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையிலிருந்து வலது பக்கமாகவே திரும்பித் திரும்பி வீடு வந்து சேர்ந்தார். பத்து நிமிடப் பாதைக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

சொந்த வண்டியாக இருந்தால் கவலையில்லை. இது மாமனாருடையது. உருண்டை விளக்கும் குட்டி உடம்புமாக நாற்பது வயதான சின்னக் கார். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரான மாமனார் அதில் வேறு யார் கையையும் பட விட்டதில்லை. ஆனால் அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. கண்ணைப் பரிசோதித்த மருமகனே, "இனிமே நீங்க ஓட்டக் கூடாது மாமா" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மாமனார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, இளைய மகள் வீட்டில் பத்து நாள் தங்கப் புறப்பட்ட அன்று காலை, மேல்மாடியிலிருந்து இறங்கி வந்து சாவியை நீட்டினார்.

"பத்து நாள் ஓட்டிக் காட்டுங்க மாப்பிள்ளை. நான் திரும்பி வரும்போது வண்டி இப்படியே இருந்தா, ஸ்டியரிங்கை உங்ககிட்ட விட்டுடறேன். ஏதாவது ஆகியிருந்தா, கண்ணு தெரிஞ்சாலும் தெரியாட்டாலும் நான்தான் ஓட்டுவேன்."

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுக் கடைக்குப் போன மருமகன், அன்று மதியம் சாப்பிட வந்தபோதே வண்டியை எடுத்தார். தெருமுனையில் திரும்பும்போது இடது முன்சக்கரம் நடைபாதையின் விளிம்பை லேசாகத் தொட்டது. "டொக்." அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு வந்த முதல் இடது திருப்பத்திலேயே அந்தக் "கர்ர்ர்."

மாலை வீட்டு வாசலில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"முகம் ஏன் மாப்பிள்ளை வாடியிருக்கு? வண்டியில ஏதாவது சத்தம் கித்தம் வருதா?"

"சேச்சே! சத்தமா? இல்லவே இல்லை அத்தை."

"வந்தாத்தான் என்ன? வயசானா யாருதான் சத்தம் போடல? உங்க மாமா போடலையா?"

அந்த அன்பான பேச்சு அவருக்கு ஊசியாகக் குத்தியது. பொய் சொன்னவனைப் பார்த்து நல்லவர்கள் சிரித்தால் அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மறுநாள் காலை வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அந்த மெக்கானிக் எதற்கும் "பரவால்ல" என்பார். ஊரில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

பரவால்ல அண்ணன் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். அது நேராகச் சுற்றாமல் ஆடிக்கொண்டே சுற்றியது.

"இரும்பு வளையம் கோணிப்போச்சு சார். அதான் டயர் உள்ள உரசுது. எதுல மோதினீங்க?"

"லேசாத்தான் அண்ணே தொட்டேன்."

"லேசாத் தொட்டதுக்கா இப்படி? யானையைத் தொட்டிருப்பீங்க போல. பரவால்ல. இந்த அளவுச் சக்கரம் இப்ப வர்றதில்ல. வேற வண்டியோடது ஒண்ணு இருக்கு, ஒரு அங்குலம் பெருசு. போல்ட் மாட்டுற நாலு ஓட்டையும் சரியா உக்காரும்."

நாலு ஓட்டையும் சரியாகத்தான் உட்கார்ந்தன. ஆனால் பெரிய சக்கரம் உள்பக்கத்துக் கம்பியில் உரசியது. இப்போது இடது, வலது என்று பாரபட்சம் பார்க்காமல் சத்தம் வந்தது.

"பரவால்ல. நடுவுல ஒரு தட்டைக் குடுத்து வெளியே தள்ளிடலாம்."

தள்ளினார். சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் மட்கார்டின் விளிம்பு டயரைச் சீவியது.

"பரவால்ல. ஸ்பிரிங்குக்குள்ள ஒரு ரப்பர் கட்டையைச் சொருகி, அந்தப் பக்கத்தை மட்டும் தூக்கிடலாம்."

தூக்கினார். சத்தம் நின்றது. மருமகன் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தார். வண்டி வலது பக்கம் சாய்ந்து, யாரோ சொல்லும் ரகசியத்தைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் நின்றது.

ஊரிலுள்ள மூக்குகளின் மேலெல்லாம் கண்ணாடியை மயிரிழை பிசகாமல் நிறுத்துகிறவர் அவர். அன்று முழுவதும் கழுத்தைச் சாய்த்தே வண்டி ஓட்டியதில், கடைக்கு வந்த ஒரு பெரியவருக்குக் கண்ணாடியைக் கோணலாகப் பொருத்திவிட்டார்.

"என்ன சார், ரோடே சாஞ்சு தெரியுது?" என்றார் பெரியவர்.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆறாம் நாள் பரவால்ல அண்ணன் வலது பக்கத்துக்கும் அதேபோல் பெரிய சக்கரம், தட்டு, ரப்பர் கட்டை எல்லாம் போட்டார். சாய்வு போய்விட்டது. ஆனால் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்தது. மாலையில் விளக்கைப் போட்டால் எதிர்வீட்டு மாடி ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது.

"தம்பி, நான் என்ன சினிமாவா எடுக்கறேன்? விளக்கை இறக்குப்பா!" என்று எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்தினார்.

பின்பக்கத்தையும் தூக்கிய பிறகுதான் விளக்கு இறங்கியது. இப்போது குட்டிக் கார் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டுகிறவள்போல் நின்றது.

"என்னங்க, இதுல ஏற ஏணி வேணும்போல இருக்கே! அப்பாகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன், சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து மாமனாரே போனில் வந்தார்.

"மாப்பிள்ளை, வண்டி எப்படி இருக்கு?"

"முன்னைவிட ஒரு படி மேல், மாமா."

"பேஷ்! பேஷ்!"

அது பொய்யில்லை. அளந்து பார்த்தால் ஒரு சாண் மேல். ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை. பொய் சொல்லாமலே ஏமாற்றியதை நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மாமியார் தட்டைப் பார்த்தார்.

"சாப்பிடுங்க மாப்பிள்ளை. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. நான் பாத்துக்கறேன்."

எட்டு நாளும் இப்படித்தான். மாமியார் ஃபிளாஸ்க்கில் காபி போட்டு ஒர்க்ஷாப்புக்கு அனுப்புகிறார். மாமனார் போனில் துருவினால் வாங்கிப் பேச்சை மாற்றுகிறார். இந்த உத்தமிக்கு இப்படியொரு மருமகனா என்று அவர் தலை இன்னும் குனிந்தது.

ஒன்பதாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வந்து இறங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்ற வண்டியைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். எட்ட வந்து பார்த்தார்.

"இது யாரோட வண்டி? நம்ம வண்டி எங்க மாப்பிள்ளை?"

அந்தக் கண்களை அளந்தவர் மருமகன். அவற்றுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அவருக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். "யாரோ நிறுத்தியிருக்காங்க மாமா, நம்மது சர்வீஸுக்குப் போயிருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தும்விட்டது. பார்வை மங்கிய மனிதர் தன்னை நம்பி, பதிலுக்காக முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். வந்த வார்த்தை அப்படியே கரைந்துபோனது.

"இதுதான் மாமா நம்ம வண்டி. முதல் நாளே நடைபாதையில இடிச்சுட்டேன். சக்கரம் கோணிப்போச்சு. மறைக்கப் பாத்து மறைக்கப் பாத்து இப்படி ஆக்கிட்டேன். போன்லயும் உங்களை ஏமாத்தினேன். என்னை மன்னிச்சுடுங்க."

மாமனார் நீண்ட நேரம் வண்டியைத் தடவிக்கொண்டு நின்றார். கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கடைசியில் கையை நீட்டினார்.

"உண்மையைச் சொன்னீங்க, சந்தோஷம். ஆனா பேச்சுன்னா பேச்சு. சாவியைக் குடுங்க. நானே ஓட்டிக்கறேன்."

மருமகன் சாவியை எடுத்து நீட்டினார். அது மாமனாரின் கைக்குப் போவதற்குள் மாமியார் நடுவில் வந்து வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவர் தொட்டா அது கோணுமா? அன்னிக்குக் காலையில உங்க தலை மறைஞ்சதும், இனிமே உங்க கண்ணை நம்ப முடியாது, நாமே கத்துக்கலாம்னு வண்டியை எடுத்து, கொல்லைச் சுவத்துல ஏத்தினது நான்!"